எட்டாம் வகுப்பு முடியட்டும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது யோசனை கேட்டால் போதும், கொட்டிவிடுவேன்; கேட்காவிட்டாலும் கொட்டிவிடுவேன். அமெரிக்காவில் டெக்ஸஸிலுள்ள பிளானோவுக்கு நாங்கள் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எந்தக் கடையில் வெண்டைக்காய் முற்றாமல் கிடைக்கும், எந்தப் பல் டாக்டர் சிடுசிடுப்பார் என்பதையெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம்தான் கேட்கும். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆபீசில் என் பக்கத்து இருக்கைக்காரி போஸ்னியாவின் தலைநகரம் சரயேவோவிலிருந்து வந்தவள். என் வயதுதான், முப்பத்தெட்டு. வந்து ஆறு மாதம் ஆகியும் அவளுக்குக் கார் ஓட்டப் பயம். டெக்ஸஸில் கார் இல்லாமல் உப்பு வாங்கக்கூடப் போக முடியாதே! தினமும் காலையில் நான்தான் அவளை ஏற்றிக்கொண்டு டோல்வே என்கிற சுங்கச் சாலையில் ஆபீசுக்குப் போவேன். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் இரவல் பாஷை, அதனால் கூச்சமில்லாமல் பேசிக்கொள்வோம். அவளுடைய கணவரும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஊரில் இருந்தார்கள். 1992 தொடக்கத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் விசா கிடைத்துவிட்டது. டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஊரில் வாக்கெடுப்பு வந்தது. யூகோஸ்லாவியா என்ற கூட்டாட்சியில் அவர்களுடைய போஸ்னியா ஒரு பகுதி. வேறு சில பகுதிகள் முந்தின வருடமே பிரிந்துவிட்டன. அதில் ஒன்றில் பெரிய சண்டை நடந்து ஊர் ஊராக இடிந்து கிடந்தது. இப்போது போஸ்னியாவும் பிரிவதா, சேர்ந்தே இருப்பதா என்று ஜனங்களைக் கேட்டார்கள்.

வாக்கெடுப்பு முடிந்த திங்கட்கிழமை காலை அவள் காரில் ஏறியதும் பெல்ட்டைக்கூட மாட்டவில்லை. முந்தின நாள் கணவர் போனில் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு பிரிவினைக்கு ஓட்டுப்போடப் போனார்களாம். பிரிவினை வேண்டாம் என்ற மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்களாம். மேல்வீட்டுக்காரர் மட்டும் இறங்கி வந்து சாவியைக் கொடுத்து, "செடிக்குத் தண்ணி ஊத்துங்க, ஒரு வாரம் மாமியார் வீட்டுக்குப் போறோம்" என்றாராம். அவர் காரின் மேல் மெத்தை, கம்பளிகள், தையல் மெஷின் எல்லாம் கட்டியிருந்ததாம்.

"ஒரு வாரத்துக்கு யாராவது தையல் மெஷின் எடுத்துட்டுப் போவாங்களா?" என்று கேட்டாள்.

"சில பேர் அப்படித்தான், ஊறுகாய் ஜாடிகூட எடுத்துட்டுப் போவாங்க" என்று சொல்லி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஆபீசில் மேனேஜர், "கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று டோனட் பெட்டியோடு வந்து நின்றார். அவருக்கு அந்த நாடு எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்றே தெரியாது. நான் மட்டும் ஒழுங்கா? "புது நாடு பொறந்திருக்கு, ட்ரீட் எங்கே?" என்று நச்சரித்தேன். மறுநாள் அவள் முகம் வெளுத்துப்போய் வந்தாள். ஊரில் பிரிவினையை எதிர்த்தவர்கள் சாலை முழுக்கப் பஸ்களையும் குப்பைத் தொட்டிகளையும் குறுக்கே போட்டு மறித்திருந்தார்களாம். முகத்தில் காலுறையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்களாம். அதில் ஒருவனின் நடையை வைத்து, மகளுக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறவன்தான் என்று அவள் கணவர் கண்டுபிடித்துவிட்டாராம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அட போ! நம்ம ஊர்ல பாக்காத மறியலா? நாலு பஸ் கண்ணாடி ஒடையும், ரெண்டு நாள் கடையடைப்பு, அப்புறம் அவனவன் வேலையப் பாக்கப் போயிடுவான்" என்றார். அப்படித்தான் நடந்ததும்கூட. நகரத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி நடந்தார்கள், தடுப்புகள் போய்விட்டன, பள்ளியும் திறந்துவிட்டது. பார்த்தாயா என்று எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை டோல் கட்டிவிட்டு நகரும்போது அவள் கேட்டாள்.

"உடனே டிக்கெட் எடுத்துடட்டுமான்னு அவர் கேக்கறார். இந்த மாசக் கடைசிக்கு இருக்காம். ஆனா ஜூன்ல எட்டாவது முடியுது. முடிச்சாத்தான் சர்டிஃபிகேட். நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

எனக்கா பதில் தெரியாது? என் வீட்டுக்காரர் முதலில் தனியாக அமெரிக்கா வந்துவிட, எங்களுக்கு ஜனவரியிலேயே விசா வந்தும் மகளின் முழுப் பரீட்சைக்காக ஏப்ரல் வரை கோயமுத்தூரிலேயே உட்கார்ந்திருந்தவள் நான். "படிப்பைப் பாதியில நிறுத்தக் கூடாது. எட்டாவது முடியட்டும். மூணு மாசம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். சர்டிஃபிகேட் இல்லாம வந்தா இங்க ஸ்கூல்ல ஒரு கிளாஸ் கீழ போட்டுடுவாங்க" என்றேன். கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரிந்ததே இல்லை. ஒரு வேகத்தில் சேர்த்துக்கொண்டது.

அவள் கைப்பையிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்து விரலால் எண்ணினாள். பிறகு, "சரி, ஜூன்" என்றாள்.

அன்று வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் டிவியிலிருந்து தலையைத் திருப்பி, "பட் அம்மா, ஹௌ டு யூ நோ?" என்றாள். "பெரியவங்க பேசறப்ப வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்று அதட்டினேன்.

மார்ச் முழுக்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் ஒரு எண்ணைச் சொல்வாள். அவள் மகளின் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அது இருபத்தேழு ஆயிற்று. பிறகு பத்தொன்பது. குடும்பத்தோடு எங்கே போனார்கள் என்று டீச்சர்களே கேட்பதில்லையாம். மேல்வீட்டுச் செடிகளுக்கு அவள் கணவர் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பத்தொன்பது என்று கேட்டபோது, "அடிப் பாவி, இப்பவே டிக்கெட் எடுடி" என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவ்வளவு அடித்துச் சொல்லிவிட்டு இப்போது மாற்றிப் பேசினால் என் கௌரவம் என்னாவது? அந்த அற்பக் கௌரவத்துக்காக வாயை மூடிக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் சுட ஆரம்பித்தார்கள். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மலைமேலிருந்து நகரத்துக்குள் குண்டு விழுவதை டிவியில் காட்டினார்கள். அவள் ஆபீஸ் போனிலிருந்தே நாள் முழுக்க வீட்டு எண்ணைச் சுழற்றினாள். முதலில் மணியடித்தது. பிறகு பதிவு செய்த ஒரு பெண் குரல் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. மேனேஜர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து வேலையை விட்டுவிட்டாள். போஸ்னியா எல்லைக்குப் பக்கத்தில் போய் இருந்தாலாவது ஏதாவது செய்யலாம் என்று புறப்பட்டாள். நான்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது அங்கே போனதும் உடைந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடு, நான்தான் கெடுத்தேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"உன் மேல கோபம் இல்ல. எனக்கு அந்த பதில்தான் வேணும்னு இருந்துச்சு. நீ வேற மாதிரி சொல்லியிருந்தா இன்னொருத்தர்கிட்ட போய் கேட்டிருப்பேன்" என்றாள். என் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்ன் அடித்தான்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது, எல்லைக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு கடலோர ஊரிலிருந்து. பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் ஏற்றிக்கொண்ட ஒரு பஸ்ஸில் மகள் வெளியே வந்துவிட்டாள். ஆண்களை ஏற்றவில்லை. அப்பா ஜன்னலுக்கு வெளியே கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தார் என்று மகள் சொன்னாளாம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மார்ச் கடைசி விமானத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கலாம் என்று அவள் எழுதவில்லை. அதை நானேதான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "மகளை இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். எட்டாம் வகுப்பு சர்டிஃபிகேட் இல்லையே என்று நடுங்கிக்கொண்டுதான் போனேன். யாரும் அதைக் கேட்கவேயில்லை."