சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில்

தொண்ணூறுகளின் கடைசியில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒரு சிறுமி, பாதிப் பாடத்தில் எழுந்து ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பாள். ஒருநாள் போனவள் வரவேயில்லை. தேடிப் போனேன். கழிப்பறைச் சுவரில் கையூன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு விசிலடித்தது. கையில் ஆஸ்துமா பம்பு. பினாயிலும் மூத்திரமும் கலந்த அந்த நாற்றத்தில் நமக்கே மூச்சு முட்டும். பிள்ளை அங்கேதான் ஒளிந்து மருந்தடிக்கிறாள்.

மறுநாள் அவள் அம்மாவை வரச் சொன்னேன். ஒளித்து அடிக்கச் சொன்னதே அவர்தான். பம்பில் மாட்டி உறிஞ்ச டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குடுவையும் கொடுத்திருந்தார். அது பைக்குள் மறையாது என்று வீட்டுப் பீரோவிலேயே வைத்துவிட்டாராம். தெருவே இந்தப் பள்ளியில்தான் படிக்கிறது, தெரிந்தால் சொந்தபந்தம் வரைக்கும் போய்விடும் என்றார்.

“பொம்பளப் புள்ள டீச்சர். நாளைக்கு யாரு கட்டுவா?”

“இன்னைக்கு மூச்சு விடட்டும்மா. கட்டுறதப் பத்தி நாளைக்குப் பேசுவம்” என்றேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலைப்படும் ஊரை நினைத்தால் இப்போதும் வருகிறது. குடுவையைக் கொண்டுவர வைத்து, பம்போடு சேர்த்து என் மேஜையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூச்சு இழுத்தால் யாரையும் கேட்காமல் வந்து எடுத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன்.

தலைமையாசிரியை வந்தார். மருந்தைத் தன் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டுமாம், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். நீங்கள் சாவியோடு பாங்குக்குப் போன நேரம் பிள்ளைக்கு இழுத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். மெமோ தருவேன் என்றார். தாராளமாகத் தாருங்கள் என்றேன். பம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து வருவாள், குடுவையையும் பம்பையும் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு மறுபடி கழிப்பறைக்கே ஓடுவாள். ஒளித்தே அடிக்க வேண்டும் என்று தினமும் காலையில் அம்மா சொல்லி அனுப்புகிறார். இங்கேயே அடிச்சுக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். காதில் விழாத மாதிரி போய்விடுவாள். தலைமையாசிரியையை ஜெயித்துவிட்டு அந்த அம்மாவிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் கூட்டம் வந்தது. பெஞ்சு நிறையப் பிள்ளைகளோடு தாய்மார்கள், பாதிப்பேர் அவள் தெருக்காரர்கள். பெஞ்சுகளை இழுத்துப் போட்டதில் கிளம்பிய தூசியில் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. எழுந்து மேஜைக்கு வந்தாள். அவள் அம்மா கண்ணாலேயே வாசலைக் காட்டினார்.

அவள் போகவில்லை. பம்பைக் குலுக்கினாள். குடுவையில் மாட்டி, அழுத்தி, மெதுவாக உறிஞ்சினாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏய், வெளிய போ” என்று பல்லைக் கடித்தபடி அம்மா எழுந்தார்.

மருந்து உள்ளே இறங்க மூச்சை அடக்கியிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. ஒரு கையை நீட்டி அம்மாவைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பத்து வரை எண்ணினாள். அதுவரைக்கும் அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். பிறகு மூச்சை விட்டாள்.

“அங்க நாறுதும்மா. நான் இங்கதான் அடிப்பேன்.”

குடுவையைச் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நேரே போய், அம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, அவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.