மஞ்சள் தண்ணீர் மேல் போட்ட பழி

வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தேவாரம் பக்கம் மலையிலிருந்து ஒற்றை யானை இறங்கி வாழைத் தோப்புகளை மிதித்துப் போட்டதே, அதற்கு அடுத்த சித்திரை. அந்த யானையை நான் பார்த்தவன். பார்த்தவன் என்றால் யானையை அல்ல, அது போன தடத்தை. அப்போது எனக்கு வாழைத்தார் லோடு ஏற்றுகிற வேலை. தார் தூக்கப் போன இடத்தில் தாரும் இல்லை, மரமும் இல்லை. லாரிக்காரர் மலையாளத்துக்காரர். யானையைத் திட்ட முடியாமல் எங்களைத் திட்டிக்கொண்டே வெறும் வண்டியைத் திருப்பினார். அது கிடக்கட்டும். அதற்கு அடுத்த சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவில்தான், என் மகளுக்கு ராசி கெட்ட கை என்று பேர் வைத்தார்கள். அவள் பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயசுக்கு வந்துவிட்டாள். அந்தப் பேர் இன்னும் போகவில்லை. நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

என் மருமகன், கூடப்பிறந்த அக்கா மகன், மதுரையில் ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டு வந்தவன். என் மகளுக்கு முறைமாப்பிள்ளை. ரெண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தோம். எங்கள் உத்தமபாளையத்தில் மாடிக்கு மாடி ஆன்டெனா நட ஆரம்பித்த நேரம் அது. எல்லாரும் டிவி பார்த்தார்கள் என்றால் இவன் அதில் விளையாடுவதற்கு ஒரு பெட்டி செய்தான். மெட்ராஸிலிருந்து சாமான் வரவழைத்து, ஒரு அட்டையில் ஈயம் உருக்கி உருக்கி ஒட்டினான். மேலே மூட பிஸ்கட் டின் தகரம். டிவி கேம் என்றான்.

திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடும். ரெண்டு பக்கமும் ரெண்டு கோடு. ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் மாதிரி ஒன்றைத் திருகினால் கோடு மேலும் கீழும் போகும். புள்ளி வரும்போது கோட்டை வைத்துத் தட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு இதை வைத்தோம். ராட்டினத்துக்கு நின்ற கூட்டம் இதற்கும் நின்றது. நானும் திருகிப் பார்த்தேன். பக்கத்தில் அக்கா புருஷன், அதாவது என் மச்சான், நின்றுகொண்டு, "ஏ மாப்ள, பந்து கீழ போகுது, நீ என்ன மோட்டுவளையப் பாக்குற?" என்றார். கொட்டகையே சிரித்தது. மச்சான் அப்படித்தான், நாலு பேர் முன்னால் ஒருத்தனை மட்டம் தட்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

கரண்டு, ராட்டினத்துக்காரர் வைத்திருந்த ஜெனரேட்டரிலிருந்து. ராட்டினம் சுற்றும்போது எங்கள் கொட்டகை விளக்கு அழுதுவடியும். ராட்டினம் நின்றால் பளீரென்று ஏறும். டிவிக்கு ஸ்டெபிலைசர் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கேம் பெட்டிக்கு அது கிடையாது. கரண்டைக் குறைத்துக் கொடுக்க மருமகன் கையாலேயே சுற்றிய எலிமினேட்டர்தான், அதில் ஒரு பீஸ் கம்பி. ராட்டினம் நிற்கும்போதெல்லாம் அந்தப் பீஸ் போகும். அவன் சலிக்காமல் மயிர் மாதிரி மெல்லிய கம்பியைத் திரும்பத் திரும்பக் கட்டுவான். "போறதுக்குத்தான் மாமா அத வச்சிருக்கோம். அது போனாத்தான் பொட்டி பொழைக்கும்" என்று என்னிடம் சொன்னான்.

அவன் டீ குடிக்கப் போன நேரம் பீஸ் போனது. கூட்டம் விசில் அடித்தது. மச்சானுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

"என்ன இது, நின்னு நின்னு போகுது? கூட்டம் கலைஞ்சுரும்ல?"

"மச்சான், அவன் வரட்டும். அது அவன் தொட்ட சாமான்."

"நீ தார் தூக்குறவன், ஒனக்கு என்ன தெரியும்? மெல்லிசா கட்டுனா போகத்தான செய்யும். தடியாக் கட்டுனா அது ஏன் போகப்போகுது?"

கீழே கிடந்த செம்புக் கம்பித் துண்டை எடுத்து, பல்லால் மேல்தோலை உரித்து, முறுக்கிக் கட்டினார். ஓடியது. எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். அடுத்தாற்போல ராட்டினம் நின்றது. டியூப்லைட்டெல்லாம் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏறியது. பீஸ் போகவில்லை. தடிக் கம்பி எப்படிப் போகும்? தீய்ந்த நாற்றம்தான் வந்தது. புள்ளியும் இல்லை, கோடும் இல்லை.

மருமகன் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினான். எலிமினேட்டரைத் திறந்தான். கம்பியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"யாருப்பா இதக் கட்டுனது?"

"கட்டுனா என்னடா? இம்புட்டு நேரம் ஓடுச்சுல்ல?"

இதைக் கேட்டது நான் ஒருத்தன்தான். வெளியே மேளம், உறுமி, தீச்சட்டி எடுத்து வருகிறவர்களின் சத்தம். அவன் பெட்டியையும் எலிமினேட்டரையும் துண்டில் சுற்றிக்கொண்டு, ஆற்றோரம் நாங்கள் போட்டிருந்த குடிசைக்கு நடந்தான். கூட்டம் இல்லாத இடத்தில் பிரித்துப் பார்க்கலாம் என்று. நான் அவனுக்குப் பின்னால்.

குடிசைத் தட்டிக்குப் பின்னால் என் மகள் மஞ்சள் தண்ணீரோடு ஒளிந்திருந்தாள். திருவிழாவில் முறைப்பையன் மேல் ஊற்றுவது ஊர் உலகத்தில் இல்லாத வழக்கமா? கூட நாலு பொண்ணுகள் வேறு, "ஊத்துடி, ஊத்துடி" என்று. அவன் வந்தான், இவள் ஊற்றினாள். சட்டை நனைந்தது, துண்டு நனைந்தது, பெட்டியும் நனைந்தது.

"ஐயையோ, பொட்டி!" என்றான்.

அந்த ஒரு சொல்தான். அதோடு வாயை மூடியவன்தான். செத்த பெட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா குடிசைக்குள்ளிருந்து மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"அடிப்பாவி, எம்புள்ள ஒழைப்பு அம்புட்டையும் தண்ணில கரைச்சுட்டியே!"

"அத்த, துண்டுக்குள்ள பொட்டி இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் என் மகள்.

"அக்கா, பொட்டி கொட்டகையிலயே செத்துப்போச்சு. செத்ததத்தான் இங்கன தூக்கிட்டு வாரான்" என்றேன்.

பின்னாலேயே வந்த மச்சான் முந்திக்கொண்டார். "யாரு சொன்னா? பொட்டி நல்லாத்தான் ஓடுச்சு. பய சாப்பிட வந்தான். களவு போயிருமேன்னு கையோட கொண்டு வந்தான்."

நீங்களே சொல்லுங்கள். கூட்டம் நெருக்கியடித்து நிற்கும்போது, ஓடுகிற பெட்டியைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு எவனாவது சாப்பிடப் போவானா? அங்கே அத்தனை சொந்தக்காரர்கள் நின்றார்கள். ஒருத்தருக்காவது இதைக் கேட்கத் தோன்றியதா? பொம்பளைப் பிள்ளை ஒன்று கையில் காலிச் செம்போடு நிற்கிறது, அதுபோதும் அவர்களுக்கு.

ஊருக்கு வந்து பெட்டியை மொட்டைமாடியில் காயப் போட்டான். டிவியை மட்டும் போட்டுப் பார்த்தான், படம் தெளிவாக வந்தது. சரி, கோளாறு டிவியில் இல்லை. எலிமினேட்டரைக் கழற்றிவிட்டு டார்ச் லைட் பேட்டரிகளை வரிசையாகக் கட்டிக் கொடுத்துப் பார்த்தான், புள்ளி வரவில்லை. அப்படியானால் பெட்டிக்குள்ளேதான். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்த்ததை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

நடுவில் அக்கா ஒரு காரியம் செய்தாள். மஞ்சள் கறை போகட்டும் என்று தகரத்தையும் அட்டையையும் சோப்பு நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் தூக்கிக் காட்டினாள். "பாத்தீகளா, அவ ஊத்துன தண்ணில எரிஞ்ச எடம் எப்பிடிச் செவந்து கெடக்குன்னு?"

என் பெண்டாட்டி பொறுக்காமல் கேட்டுவிட்டாள். "ஏன் மதினி, மஞ்சள்ல சோப்புப் பட்டா செவக்காதா? ஆலம் சுத்துறதுக்கு மஞ்சள் கரைக்கையில சுண்ணாம்பு போட்டா செவக்குதே, அதுவும் எரிஞ்சுதான் செவக்குதா?"

ஆயுசு முழுக்க ஆலம் கரைத்த கை என் அக்காவுக்கு. தெரியாமலா இருக்கும்? "நீ ஒம் மகளுக்குப் பரிஞ்சு பேசாம என்ன செய்வ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தேனிக்குக் கொண்டுபோய் டிவி ரிப்பேர் கடையில் காட்டுவோம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நான், மச்சான், மருமகன் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் வெற்றிலை போட்ட வாயோடு பெட்டியைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"தண்ணி பட்டுச்சுன்னுதான சொன்னீக? தண்ணில இப்பிடி ஆகாதுய்யா. காஞ்சா எந்திரிச்சிருக்கும். இங்கன பாருங்க, இந்தக் கறுப்புச் சில்லு, ஐசி, மண்டையிலயே வெடிச்சிருக்கு. கரி அடில இருக்கு, மஞ்ச அதுக்கு மேல படிஞ்சிருக்கு. மொதல்ல எரிஞ்சிருக்கு, பெறகுதான் நனைஞ்சிருக்கு."

பிறகு எலிமினேட்டரைத் திறந்தார். சிரித்துவிட்டார். "பீஸுக்கு எவன்யா இதக் கட்டுனது? இதுல மாட்டையே கட்டலாமே!"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவர் பீடி வாங்கப் போனதும் மருமகனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, கேட்டேல்ல? ஊருக்குப் போயி ஒங்காத்தாட்ட சொல்லுவியா மாட்டியா?"

"மாமா, எங்கப்பாவ நான் எப்பிடி மாமா காட்டிக் குடுக்க?"

"அப்ப எம் மகளக் காட்டிக் குடுக்கலாமாலே?"

அப்பா வருகிறாரா என்று கடைப் பக்கம் பார்த்தான். எனக்கு மச்சான் மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. அவர் அறியாமல் கட்டினார், வீம்புக்குப் பொய் சொன்னார். அந்த ரகம் எல்லா ஊரிலும் உண்டு. இவன் படித்தவன், தொட்டுப் பார்த்து அறிந்தவன், என் மகளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். அப்பனுக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாது என்று ஒரு பொண்ணை ஆயுசுக்கும் தலைகுனிய விட்டான். அதற்குப் பேர் மரியாதையாம்.

நானே போய் அக்காவிடம் சொன்னேன், கடைக்காரர் சொன்னதைச் சொன்னபடி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "மிசினு எப்பிடிச் செத்தா எனக்கென்னலே? அவ கை பட்டதுக்குப் பெறகு அது எந்திரிக்கல. அந்தக் கைய எங்க வீட்டுல வெளக்கேத்த விடச் சொல்றியா?" என்றாள்.

கல்யாணப் பேச்சு அதோடு முறிந்தது. அவனுக்குக் கம்பத்தில் பொண்ணு எடுத்தார்கள். என் மகளுக்கு ரெண்டு மூன்று இடம் வந்து, இந்தப் பெட்டிக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. கடைசியில் போடியில் ஒரு நல்ல மனுஷன். அவர் சொன்னார், "எங்க வீட்டுல டிவியே இல்ல, என்னத்தக் கெடுத்துரப்போகுது?" என்று. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வேடிக்கையும் தைத்தது. கெடுக்கவே இல்லை என்று சொல்ல ஒருத்தர் இல்லையே.

அக்காவும் மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேச்சு மட்டும் சாகவில்லை. போன தையில் அந்த வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம். அக்கா பேரன் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டி வைத்திருந்தான், விளையாடுவதற்கென்று. உள்ளே கலர் கலராக விளக்கு. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். என் மகளும் எட்டிப் பார்க்கப் போனாள். "அத்தையக் கிட்ட விடாதீக, பொட்டி அணைஞ்சுரும்!" என்று ஒரு சின்னப் பொண்ணு கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கி நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன், அந்தப் பெட்டியைச் செய்தவன், தலை நரைத்துப் போய் அதே கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான்.

எழுந்து சத்தம் போட்டேன். "கெழவனுக்குக் கோவத்தப் பாரு" என்று இலை போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். கல்யாணம் காட்சியில் கிழவன் பேச்சை யார் கேட்கிறார்கள்? அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நேரம் பேசினேன். உத்தமபாளையம், கம்பம் பக்கம் எங்கள் சொந்தபந்தம் யாராவது உங்கள் எதிரில் அந்தப் பெட்டிக் கதையை எடுத்தால், சிரிக்காதீர்கள். அந்தப் பொண்ணு ஊற்றுவதற்கு முன்னாலேயே அது கருகிப் போயிருந்தது, அதை அவளுடைய அப்பன் கண்ணால் பார்த்தான் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.