அடித்தவன் கை

பதுளையில் வேலை முடிந்து, பெரகல சந்தியில் கொஸ்லந்த பஸ்ஸுக்கு நின்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ தங்கச்சி, ஒன்னயவா அப்பிடி அடிச்சானுங்க? அவனுங்க வெளங்குவானுங்களா!" என்று தன் போனைக் காட்டினார். படத்தில் தலைவிரிகோலமாக அழுவது நான்தான். வீடு கேட்டுப் போன தோட்டத்துப் பெண்ணை ஒரு கட்சியின் ஆட்கள் அடித்தார்களாம். என் தோளில் இருந்த கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அடித்தவன் கையாம். அவர்களுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது.

என்னை ஒருத்தனும் அடிக்கவில்லை. அது அம்மா செத்த அன்று எடுத்த படம். அந்தக் கை என் அண்ணனுடையது; நான் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பெற்றவளுக்கு அழுத அழுகையைக்கூடவா தூக்கிப்போய் ஓட்டுக்கு விற்பார்கள், பாவிகள்!

எங்கள் லயத்தில் வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களாவது நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். தோட்டத்தில் சாவு விழுந்தால் யாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதில்லை. அன்று அத்தனை பேரும் எங்கள் வாசலில்தான் நின்றார்கள். அம்மாவைக் குளிப்பாட்டியதே பக்கத்து வீட்டு அக்காதான். அந்த அக்கா என்ன சொன்னார் தெரியுமா?

"அன்னிக்கு அழுதது வேற, இது வேறடி. போன்லயே வந்திருச்சே! எங்க வீட்டு ஓட்டெல்லாம் மாத்திட்டோம். ஒனக்குப் பயம், அதான் மறைக்கிற."

அடிபட்டவள் என்கிறார்களே, அந்த நானே எதிரில் நின்று இல்லை என்கிறேன். இவர்களுக்குக் கண் அவிந்தா போயிற்று?

அண்ணனிடம் ஓடினேன். தன் கையை அடித்தவன் கை என்றால் அவனுக்கு ரோசம் வராதா? தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் உண்மையைச் சொல் என்றேன்.

"எலெக்சன் முடியட்டும், சும்மா இரு."

"அது ஒன் கைண்ணே!"

"என் முகம் தெரியலல்ல? நம்ம கட்சிக்கு நல்லதுதானே, விடு."

படம் எப்படி வெளியே போனது என்று கேட்டேன். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அன்று அவன் போனை வாங்கி யாரோ எடுத்த படம் அது; அவன் போனில் மட்டும்தான் இருந்தது.

ஓட்டுப் போடும் நாளில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரிசை நீண்டு கிடந்தது. ஒன்றுமே நடக்காதது போல அண்ணன் என் பின்னால் வந்து நின்று, "சாப்பிட்டியா?" என்று தோளில் கை வைத்தான். அதே தோள்.

"எடு கைய!" என்று கத்தினேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. விலகப் பார்த்த அவன் மணிக்கட்டைப் பிடித்து, எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன்.

"என்னைய அடிச்சவன் கையத் தேடுனீங்களே, இந்தா! நல்லாப் பாத்துக்கங்க!"