புழுக்களின் சூப்பர்வைசர்

பால்கனியிலிருக்கும் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறார். மூடுகிறார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், டீ ஆறுவதற்குள் எழுந்துபோய் மறுபடியும் தூக்கிப் பார்க்கிறார்.

“ஒருத்தனையும் காணோம் தம்பி. ஆளப் பாத்ததும் கீழ போய்ப் பதுங்கிக்கிறானுங்க.”

ஒருத்தன் என்று அவர் சொல்வது மண்புழுவை. வெளிச்சம் பட்டால் அது உள்ளே போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பேக்கிங் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க சூப்பர்வைசராக இருந்தவருக்கு, தன்னைக் கண்டதும் மறைகிறவன் டிமிக்கி கொடுக்கிறவன்தான். எங்கள் அடுக்குமாடியில் அவருக்குப் பெயரே சூப்பர்வைசர். அவருடைய பிரிவு உபசார விழாவுக்குக் கூட்டம் அலைமோதியதாம். போகிறாரா என்று நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வந்திருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு அவர் முதலில் மேற்பார்வையிட்டது சமையலறையை. வெங்காயம் நறுக்கும் மனைவிக்குப் பின்னால் கைகட்டி நின்று, “இந்தப் பாத்திரத்த அங்க வெச்சா ரெண்டு நட மிச்சம்” என்றார். அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தது அவருடைய பெருந்தன்மை.

அடுத்த வாரமே, மண்புழு உரம் தயாரிக்கவென்று, பால்கனிக்கு இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன. அம்மாளின் அனுமதி நிபந்தனையோடு கிடைத்தது: “என்னமோ பண்ணுங்க. ஆனா ஒரே ஒரு புழு வீட்டுக்குள்ள தலைய நீட்டுச்சு, பெட்டியோட தூக்கிக் கடாசிருவேன். அப்புறம் நான் பொல்லாதவள்னு பேசக் கூடாது.”

வேலை சுத்தம், மறுக்க முடியாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூடியிலும் அடியிலும் ஒரே சீராகத் துளைகள். ஒரு பெட்டிக்குள் இன்னொன்று. கசிகிற தண்ணீர் கீழே இறங்கிவிடும். செய்தித்தாளைக் கிழித்து, நனைத்து, பிழிந்து, மெத்தை போலப் பரப்பினார். ஒரு பிடி மண் தூவி, வாங்கிவந்த சிவப்புப் புழுக்களை அதன்மேல் விட்டார். கொஞ்ச நாளைக்குத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“அது அவரு சொல்றது. விட்டா தூங்கிடுவானுங்க.”

காலையில் வாழைப்பழத் தோல். அது மட்குவதற்குள் முட்டைக்கோஸ் இலை. அதன் தலையில் டீத்தூள் சக்கை. அப்புறம் ஒரு கிளறல். எங்கள் வீட்டுக் காய்கறித் தோலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். “டார்கெட் இருந்தாத்தான் தம்பி வேல ஓடும்.”

பெட்டி புளித்து நாறத் தொடங்கியது. பிழைக்க வந்த ஊரில் எனக்கு நாற்றத்தைவிட, அதைப் பற்றிப் புகார் எழுதப்போகும் மேல்வீட்டுக்காரரிடம்தான் பயம். மெல்லச் சொல்லிப் பார்த்தேன்: “கொஞ்ச நாள் அதுங்கள அதுங்க பாட்டுக்கு விட்டுப் பாருங்களேன் சார்.”

“விட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு?” என்றார்.

நேற்று மாலை, நான் அங்கே இருக்கும்போதே, தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மூடியின் சீரான துளைகள் வழியே ஒவ்வொருவராக ஏறி, பக்கவாட்டில் வழிந்து, பால்கனித் தரையில் நெளிந்தார்கள். சூப்பர்வைசர் முட்டிபோட்டு, ஸ்பூனால் வாரி வாரி உள்ளே போட்டார். “இவளுக்குத் தெரிஞ்சா பெட்டி போச்சு தம்பி. சொல்லிடாதீங்க.” அந்தக் குரலை அதிகாரம் இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் கதவிடுக்கில் புகுந்து கூடத்துக்கே வந்துவிட்டது. சோபாவின் காலருகே அவர் குனிந்து அதை எடுக்கவும், அம்மாள் துணிக்கூடையோடு வரவும் சரியாக இருந்தது. விரலில் இருந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்ன தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல... தர சுத்தமா இருக்கான்னு பாத்தேன்.”

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் டீயைப் பார்த்தேன்.

“சரி, சட்டையக் கழட்டுங்க. மெஷின்ல போடணும்.”

“நாளைக்குப் போட்டுக்கலாம்.”

“கழட்டுங்கன்னா.”

சூப்பர்வைசர் கழற்றவில்லை. வலது உள்ளங்கையால் மார்பிலிருந்த பையைப் பொத்திக்கொண்டு, உறுதிமொழி எடுப்பவரைப் போல விறைப்பாக நின்றார்.