தெரிந்தே மீறினான் என்றேன்

நான் பொய்ச் சத்தியம் செய்தேன். அந்தப் பொய்யால் குற்றமற்ற ஒருவன் சிறைக்குப் போனான். முதலிலேயே இதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது… பின்னால் நான் சொல்லப்போகும் காரணத்தைக் கேட்டு உங்களுக்கு இரக்கம் வந்துவிடக் கூடாது!

அப்போது மலாயாவில், சிரம்பான் கோர்ட்டில் எனக்கு வேலை. உத்தரவுகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய், உரியவரிடம் கொடுத்து, தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

பக்கத்து ஊரான லாபுவில் கருப்பையா என்றொருவன் இருந்தான். தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிப் பிழைத்து, பிறகு சொந்தமாக ஒரு துண்டு ரப்பர் நிலம் வாங்கியவன். அவன் மனைவி செல்லம்மாள். அவளை முதலில் பெண் கேட்டுப் போனவன் நான். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரான அவள் தகப்பனார் சம்மதித்தார், அவள் மறுத்துவிட்டாள். கையெழுத்துப் போடத் தெரியாத அவனிடம் அப்படி என்னதான் கண்டாள்? அந்தக் கேள்வி என்னை உறங்கவிட்டதில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் அந்தத் துண்டு தமக்குரியது என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியும்வரை கருப்பையா அங்கே பால் வெட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. அதை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

அவன் மரத்தடியில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். செல்லம்மாள் முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்… நான் நிற்பதைக் கண்டும் கையை எடுக்கவில்லை! பிறகு தூக்குச்சட்டியோடு லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். அவள் மறையும்வரை காத்திருந்தேன்.

காகிதத்தை வாங்கிய கருப்பையா, "என்னங்கய்யா எழுதியிருக்கு? நான் வெட்டலாம்ல?" என்று கேட்டான்.

"கேஸ் நடக்குதுன்னு எழுதியிருக்கு. நீ வேலையப் பாரு" என்றேன்.

அவன் கும்பிட்டான். மறுநாளும் வெட்டினான்.

கோர்ட்டை அவமதித்தான் என்று அவனைக் கூண்டில் நிறுத்தினார்கள். வெட்டியதை அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் அது போதாது என்றார் நீதிபதியான வெள்ளைக்காரத் துரை. உத்தரவு இன்னதென்று புரிந்துகொண்டு, வேண்டுமென்றே மீறினானா? அதை நிரூபிக்க வேண்டும் என்றார். யாரும் தனக்குச் சொல்லவில்லை என்று கருப்பையா சாதித்தான். சாட்சி நான் ஒருவன்தான்.

ஒரே ஒரு சொல் போதும், அவன் வீட்டுக்குப் போயிருப்பான். நானோ இருமுறை விளக்கினேன் என்றேன். அதோடு நிறுத்தினேனா? 'கோர்ட்டு என்னை என்ன செய்துவிடும்' என்று அவன் கேட்டதாகவும் சேர்த்துச் சொன்னேன். யாரும் கேளாமலே சொன்னேன்! துரையின் முகம் மாறியது. அந்த வாக்கியம்தான் அவனைச் சிறைக்கு அனுப்பியது.

அவள் என்னிடம் வந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன்… வரவேயில்லை. சோற்றைக் கட்டிக்கொண்டு சிறை வாசலில் போய் நின்றாள். அதைப் பார்த்தும் என் பொறாமை தணியவில்லை. சிறைக்குள் இருப்பவனாக நான் இருக்கக் கூடாதா என்றுகூட ஏங்கினேன்.

விடுதலையான பிறகு, சிரம்பான் பசாரில் இருவரும் எதிரே வந்தார்கள். ஓடி ஒளிய இடமில்லை. அவன் இளைத்திருந்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நீங்க சொல்லித்தான் இருப்பீங்கய்யா. எம் மண்டையிலதான் ஏறல. ஆனா கோர்ட்டை அப்படிப் பேசினது மட்டும் எனக்கு ஞாபகமே வரல. என்னால உங்களுக்கும் அலைச்சல். மன்னிச்சுக்குங்க."

செல்லம்மாளின் கை அவன் முதுகில் இருந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"சரி, இனிமே கவனமா இரு" என்றேன்.

அவன் மறுபடியும் கும்பிட்டான்.