இலைப்பேனுக்கு மாலை மரியாதை

எங்கள் பசுமைக்குடிலுக்கு இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும், பூச்சி புகக் கூடாது. அரக்கோணத்து வேலையை விட்டுவிட்டு வந்து, பத்து சென்டில் குடைமிளகாய் போட்டிருந்த எனக்கு அது வேதவாக்கு. கால் கழுவி வெள்ளை அங்கி மாட்டாமல், பெற்ற நைனாவைக்கூட உள்ளே விட மாட்டேன். நாற்பது வருடம் பயிர் செய்த மனிதர், வலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அவர் சொன்னது ஒன்றுதான். "முதல் போகத்துல லாபம் பாரு. கிணத்தாண்ட இருக்கிற ஏக்கரையும் உனக்கே வுட்டுடறேன், குடில் கட்டிக்கோ."

அந்த ஏக்கர்மேல்தான் எனக்குக் கண். சொட்டுநீரையும் உரத்தையும் கைப்பேசியிலிருந்தே திறந்து மூடும் மெஷினை விற்ற கம்பெனிக்காரர், "பத்து சென்ட்ல கட்டாது சார், ஏக்கர் கணக்குல போட்டாதான் கட்டும்" என்றிருந்தார். விற்ற பிறகுதான் சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டர் முதல் தையல் மெஷின் வரை பொட்டு வைத்துக்கொள்ளும் நாளில் என் மெஷினை மட்டும் எப்படி விடுவது? மலைக்கோயில் அடிவாரத்துப் பூக்கடையில் சாமந்தி மாலைகள் வாங்கி வந்து மெஷினுக்கும், குடிலின் ஒவ்வொரு தூணுக்கும் போட்டேன்.

"உள்ள பூ எதுக்குடா? பொட்டு வச்சா பத்தாதா?" என்றார் நைனா, வலைக்கு வெளியிலிருந்து.

"சாமி விஷயம் நைனா. நீ அங்கி மாட்டிகினு வா, கற்பூரம் காட்டலாம்."

இரண்டு வாரத்தில் குருத்து இலைகள் சுருண்டன. பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் ஓர் இலையை உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இலைப்பேன். தூணில் தொங்கிய மாலையைப் பார்த்தார்.

"இதுங்க சாமந்தியிலதாங்க குடும்பம் நடத்தும். நீங்களே மாலை மரியாதையோட கூட்டிகினு வந்துட்டீங்க."

காய்கள் கோணலும் சொரசொரப்புமாக வந்தன. வியாபாரி வாங்க மறுத்துவிட்டார். அன்றே நான் நைனாவிடம், குடில் சின்னது என்பதால்தான் நஷ்டம், ஏக்கரில் போட்டால் சரிக்கட்டிவிடலாம் என்று கம்பெனிக்காரர் பேச்சையே ஒப்பித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

"ஆங்" என்று கேட்டுக்கொண்டார். "பத்து சென்டையே உன்னால பாத்துக்க முடியல. ஏக்கரை வச்சிகினு என்னா செய்வ?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

கார்த்திகையில் அந்த ஏக்கரில் வேர்க்கடலை என்று முடிவானது. டிராக்டர் ஓட்டுபவர் வராததால் உழுதது நான்தான். கடைசிச் சாலில் அழுகை வந்துவிட்டது. வரப்பில் நின்ற நைனா, ஒரு மூலை விட்டுப்போயிற்று என்று கை காட்டினார். திரும்பிப் போய் அதையும் உழுதேன்.