முதல் டிராவுக்குக் கட்டாது

லூப் ரோட்டில் மீன் விற்கும் ஜான்சி, மகளைச் செஸ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருந்தபோது ஆட்டம் கற்றவள். மகள் மூன்றே மாதத்தில் நிறுத்திவிட்டாள். தாய் விட்டபாடில்லை. இன்று அவள் ரேட்டிங் 1540. நானும் அதே கிளப்தான், என் ரேட்டிங்கை மட்டும் கேட்காதீர்கள்.

போன ஞாயிறு கோபாலபுரத்துப் பள்ளி ஒன்றில் கடைசிச் சுற்று. டிரா செய்தாலே ஜான்சிக்கு மாவட்ட அணியில் இடம். எதிரே தி.நகர் ஜவுளிக்கடை பாலகணேஷ், ரேட்டிங் 1820. அவருக்கு அணியில் இடம் ஏற்கெனவே உறுதி. ஆடித் தள்ளுபடி நேரம் வேறு, கடைக்கு ஓடும் அவசரத்தில் இருந்தார். நான் சீக்கிரமே தோற்றுப்போய், சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாவது நகர்த்தலில் ஜான்சிக்கு ஒரு சிப்பாய் குறைவு. அப்போது பாலகணேஷ், "டிரா வச்சுக்கலாமாக்கா?" என்றார். எனக்கு உயிரே வந்தது.

ஜான்சி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கட்டாதுண்ணே" என்றாள்.

அடிப்பாவி! மீன் வாங்க வருபவர்கள் முதலில் கேட்கும் விலைக்குத் தினமும் அவள் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, முகம் வெளுத்துவிட்டது. திரும்ப அவளே டிரா கேட்கலாம்தான். கேட்பாளா, ரோஷக்காரி!

பாலகணேஷுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சிப்பாய் குறைந்தவள் டிரா வேண்டாம் என்றால் ஏதோ கண்டிருக்கிறாள். இல்லாத பொறியைப் பதினொரு நிமிடம் தேடினார். கடைசியில் நன்றாக நின்ற யானையைப் பின்னுக்கு இழுத்தார். ஜான்சி ஒரு சிப்பாயை வெட்டிக் கணக்கைச் சமன் செய்தாள், அடுத்து இன்னொன்றையும் வெட்டினாள். அவர் கடிகாரத்தில் இரண்டே நிமிடம். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி டிரா கேட்டார்.

வாங்கிக்கொள்ளடி, அணியில் இடம் கிடைத்துவிடும் என்று எனக்குள் கத்தினேன். ஜான்சி அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டு ராணியால் செக் வைத்தாள். ஐந்து நகர்த்தலில் அவர் ராஜாவுக்குப் போக இடமில்லை.

கை கொடுத்தபடியே பாலகணேஷ் கேட்டார். "அப்பவே என்னத்தக்கா பாத்தீங்க?"

"மொத தபா ஒண்ணியும் பாக்கலண்ணே, வாய் தவறிட்ச்சி" என்றாள் ஜான்சி. "ரெண்டாவது தபா உங்க மூஞ்சியப் பாத்தேன்."